நெருப்பு வந்ததா, எண்ணெய் வந்ததா?

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், மாணவர்களே. "தூரப் பயணம் போகும்போது காரில் என்னென்ன கருவிகளும் உதிரிப் பாகங்களும் எடுத்துப் போவீர்கள்?"

பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும். முதல் வகையினர், "எதையும் விடாதே, எல்லாவற்றையும் ஏற்று" என்பார்கள். அவர்களுடைய காரின் பின்பெட்டியில் துணிப்பை வைக்கக்கூட இடம் இருக்காது. இரண்டாம் வகையினர், "கைப்பேசி இருந்தால் போதும், இழுவை லோரியைக் கூப்பிடலாம்" என்பார்கள்.

இரண்டு பதில்களிலும் ஒரே குறை இருப்பதாக நான் நினைக்கிறேன். கார் எப்படி ஓடுகிறது, எதனால் நிற்கிறது என்ற கேள்வியை இரண்டு பேருமே கேட்கவில்லை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மலைச்சாலையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் தாத்தா வாங்கிய மோரிஸ் மைனர் 1000 இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் வகை அது. பின்னாளில் மினி காரை வடிவமைத்தவரும் அவர்தான். ஒரு பள்ளி விடுமுறையில் அப்பாவும் நானும் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். முதல் நாள் இரவே கருவிப்பெட்டியைத் தயார் செய்தேன். கடையில் புதிதாக வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பேனர் தொகுதி, இரண்டு சுத்தியல், ஒரு தண்ணீர்ப் பம்ப், முன்விளக்குக் கண்ணாடி, இன்னும் பல. தராசில் வைத்தேன், 12 கிலோ காட்டியது. பெருமையாக இருந்தது.

லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டிச் சில வளைவுகளில் இஞ்சின் இருமியது, பிறகு நின்றுவிட்டது. கைப்பேசியில் அலை இல்லை. பெட்டியைத் திறந்தேன். 12 கிலோ இரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதை எடுப்பது, எதைக் கழற்றுவது என்று ஒன்றும் புரியவில்லை. அரை மணி நேரம் கழித்து அப்பா சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காததுபோல் இஞ்சின் ஓடியது. இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி நின்றது. மேலே ஏறும் எண்ணத்தைக் கைவிட்டோம். ஆறவிட்டு, ஓட்டி, மறுபடி ஆறவிட்டு, ஒருவழியாகத் தாப்பாவுக்கே திரும்பினோம்.

அங்கே ஒரு சிறிய பட்டறையில் இருந்த வயதான ஃபோர்மன் என் பெட்டியை ஒரு முறை பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, நின்னப்ப நெருப்பு வந்துச்சா, எண்ணெய் வந்துச்சா, பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. பள்ளியில் அறிவியல் போதிக்கிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஒரு கேள்வியில் முழு இஞ்சினும் அடங்கியிருக்கிறது. பெட்ரோல் இஞ்சின் ஓடுவதற்குப் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை வேண்டும். அதைச் சரியான நேரத்தில் பற்றவைக்க ஒரு மின்பொறி வேண்டும். ஓடிக்கொண்டிருந்த பழைய கார் திடீரென்று நின்றால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று நின்றிருக்கும். எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் எண்ணெயைப் பார்ப்போம். மோரிஸ் மைனரில் பெட்ரோலை இழுப்பது ஒரு சிறிய மின்பம்ப். சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று அடிக்கும். கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கிவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள். சத்தமே வரவில்லை என்றால் பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது அதன் உள்ளே இருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பேனரின் பிடியால் பம்பை மெதுவாகத் தட்டினால் சில நேரம் மீண்டும் அடிக்கத் தொடங்கும். சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் தாங்கியில் பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். எந்தக் கருவியும் இல்லாமல் காது மட்டுமே செய்த சோதனை இது.

அடுத்து நெருப்பு. ஐந்தாம் படிவ இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் படிக்கிறீர்கள் அல்லவா? மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே தத்துவம்தான் காரின் பானட்டுக்கு அடியில் வேலை செய்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து காயிலின் முதல் சுற்றுக்கு மின்னோட்டம் போகிறது, காந்தப்புலம் உண்டாகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பாயிண்ட்' என்ற சிறிய தொடுமுனை திறந்ததும் மின்னோட்டம் அறுபடுகிறது. காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவு, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் கம்பிச் சுருளில் பல ஆயிரம் வோல்ட்டைத் தூண்டுகிறது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்கிறது.

நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு இஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு பொறி. நிமிடத்துக்கு 3,000 சுழற்சி என்றால் விநாடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 பொறி. அந்தச் சிறிய பாயிண்ட் விநாடிக்கு 100 முறை, மணிக்கு 3,60,000 முறை திறந்து மூடுகிறது. இவ்வளவு உழைக்கும் பொருள் தேயாமல் இருக்குமா?

பாயிண்ட் திறக்கும் நொடியில் மின்னோட்டம் அந்த இடைவெளியையும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதை வாங்கிக்கொள்வதற்காகப் பக்கத்திலேயே ஒரு சிறிய மின்தேக்கி இருக்கிறது. பட்டறையில் அதைக் கண்டென்சர் என்பார்கள். ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட், விரல் நுனி அளவு. அது கெட்டால் பாயிண்டிலேயே பொறி பறக்கும். அதன் முகம் கருகும். காந்தப்புலம் மெதுவாகச் சரியும். புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் கிடைக்கும் என்று ஃபாரடேயின் விதி சொல்கிறது. மெதுவாகச் சரிந்தால் பிளக்கில் வரும் பொறி வலுவிழக்கும்.

எங்கள் காரில் நடந்தது இதுதான். சூடேறும்போது கண்டென்சரின் உள்ளிணைப்பு விலகியது, ஆறியதும் சேர்ந்துகொண்டது. ஃபோர்மன் அந்த ஒரு பொருளை மட்டும் மாற்றிவிட்டு, வேறு எதையும் தொடாமல் இஞ்சினை ஓடவிட்டார். அது நின்ற பாடில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று நான் வகுப்பில் ஓயாமல் சொல்வதை அவர் செய்து காட்டினார். என் 12 கிலோ பெட்டியில் இல்லாத அந்தக் கண்டென்சரின் எடை, ஒரு சாவியின் எடைகூட இருக்காது.

இப்போது பெட்டிக்கு வருவோம். எந்தப் பொருளையும் உள்ளே வைக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். இது கெடக்கூடியதா? கெட்டால் கார் நிற்குமா, அல்லது ஆபத்து வருமா? சாலையோரத்தில் என்னால் மாற்ற முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் உள்ளே வரட்டும்.

பாயிண்ட், கண்டென்சர், அதன் மேல் சுழலும் ரோட்டர், ஒரு ஸ்பார்க் பிளக் ஆகியவை மூன்றிலும் தேறுகின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு சிறிய டப்பாவில் அடங்கும். ஃபேன் பெல்ட்டும் தேறுகிறது. அந்த ஒரே வார்தான் தண்ணீர்ப் பம்பையும் விசிறியையும் டைனமோவையும் சுற்றுகிறது. அது அறுந்தால் மின்னேற்ற எச்சரிக்கை விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் கொதிக்கும். நான் சுமந்துபோன தண்ணீர்ப் பம்ப் மூன்றாவது கேள்வியில் தோற்கிறது. அதை மாற்ற ரேடியேட்டரையே கழற்ற வேண்டும். சாலையோரத்தில் செய்கிற வேலை அன்று. ஹார்ன் இரண்டாவது கேள்வியில் தோற்கிறது.

ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். சரியான அளவு இல்லையென்று சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு. உருக வேண்டிய ஃபியூஸ் உருகாவிட்டால் கம்பியின் உறைதான் எரியும்.

கருவிகளிலும் இதே கணக்குதான். மோரிஸ் மைனரின் நட்டுகள் அங்குல அளவு கொண்டவை. 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் நுழையாது. 13 மில்லிமீட்டர் நுழையும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விடும். இறுகிய நட்டை அதைக்கொண்டு திருகினால் விசை முழுவதும் மூலைகளில் விழுந்து நட்டு உருண்டுபோகும். பிறகு சரியான ஸ்பேனர் வந்தாலும் பிடிக்காது. ஆக, நான் ஆசையாக வாங்கிய மில்லிமீட்டர் தொகுதி அந்தக் காருக்கு உதவியைவிடக் கெடுதலையே அதிகம் செய்திருக்கும். 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள், ஒரு பிளக் ஸ்பேனர், சிறிதும் பெரிதுமாக இரண்டு திருப்புளிகள், ஒரு இடுக்கி, இடைவெளி அளக்கும் தகடுகள் ஆகியவை சாலையோர வேலைகளில் பெரும்பகுதிக்குப் போதும். பாயிண்டின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், அதைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பதால்தான் தகடு.

என் பெட்டியில் இப்போது எனக்கு மிகப் பிடித்த கருவி, 12 வோல்ட் குமிழ் ஒன்றும் இரண்டு கம்பிகளும். ஒரு முனையைக் காரின் உடலில் பிடித்து, மறுமுனையைக் காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் இணைப்பில் வைத்து, இஞ்சினைச் சுற்ற வேண்டும். குமிழ் விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. எரியவே இல்லை என்றால் மின்சாரம் அங்கு வந்து சேரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை. அணையாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அழுக்கேறிவிட்டது. மூன்று பதில்கள், மூன்று வெவ்வேறு பாதைகள்.

பழுதுபார்ப்பதற்கு இல்லாவிட்டாலும் கட்டாயம் வேண்டியவை சில உண்டு. காற்று நிறைந்த உபரிச் சக்கரம், ஜாக்கி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, எச்சரிக்கை முக்கோணம், தீயணைப்பான், கைவிளக்கு, தண்ணீர். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் கூடும்போது கொதிநிலையும் கூடுகிறது. உள்ளே 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடியைத் திறந்து அழுத்தம் குறைந்த அதே கணம் கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும். பிளக் பொறியைச் சோதிப்பதும் பெரியவர்கள் துணையில்லாமல் நீங்கள் செய்யும் வேலை அன்று. பல ஆயிரம் வோல்ட்டும் பெட்ரோல் ஆவியும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல.

கைப்பேசிக்காரர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் கார் நின்றால் பானட்டைத் திறந்து ஆராய்ச்சி செய்ய வேண்டாம். இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நின்று, உதவிக்கு அழையுங்கள். பிரேக், ஸ்டீரிங் கோளாறு என்றால் எந்தச் சாலையாக இருந்தாலும் இழுவை லோரிதான். எதை நாம் செய்யக்கூடாது என்று தெரிவதும் இந்த அறிவில் சேர்ந்ததே.

"டீச்சர், இப்போது யார் வீட்டில் பாயிண்ட், கண்டென்சர் இருக்கிறது? கார் முழுவதும் கணினிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. இன்றைய காரில் கோளாறு வந்தால் கணினி ஒரு குறியீட்டைக் காட்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்று பொருள். ஏன் தவறுகிறது என்று அது சொல்லாது. பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், எரிபொருள் ஊசியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள இஞ்சின் என்றால், விவரம் தெரிந்த பட்டறைக்காரர் முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதுக்கும், இரண்டாவதன் காயிலை முதலாவதுக்கும் மாற்றிப் போடுவார். குறியீடு பி0302 ஆக நகர்ந்தால் குற்றவாளி காயில். நகரவில்லை என்றால் வேறிடத்தில் தேடுவார். கணினி வந்த பிறகும் தாப்பா ஃபோர்மனின் வழிதான் நடக்கிறது.

கருவிப்பெட்டியே இல்லாத காலத்தில் நடந்த ஒரு பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வாகனத்தை எடுத்துக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். பற்றவைக்கும் கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைப் பிடிக்கும் பட்டையைச் சுற்றி மின்காப்பு செய்தார். எரிபொருள் குறைந்தபோது மருந்துக் கடையில் வாங்கினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்தச் சொன்னார். குழாயில் என்ன ஓடுகிறது, கம்பியில் என்ன ஓடுகிறது என்று அறிந்திருந்ததால்தான் தொப்பி ஊசி அவர் கையில் கருவியானது. அன்று மலைச்சாலையில் என்னிடம் இருந்தவை அதைவிட எத்தனையோ மடங்கு நல்ல கருவிகள்.

இதை ஏன் அறிவியல் பக்கத்தில் எழுதுகிறேன் என்றால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு குரல். மின்சுற்று ஆய்வு செய்யும்போது குமிழ் எரியாவிட்டால் உடனே ஒரு கை உயரும். "டீச்சர், ரோசாக்!" முன்பெல்லாம் நானும் ஒன்றும் கேட்காமல் வேறு தொகுதியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். பாடவேளை 40 நிமிடம், எஸ்பிஎம் நெருங்குகிறது, நேரம் இல்லை. ஆனால் அப்படிச் செய்யும்போது நான் என்ன கற்றுக் கொடுத்தேன்? பேட்டரியா, கம்பியா, குமிழா, எங்கே அறுந்தது என்று தேடத் தேவையில்லை என்று கற்றுக் கொடுத்தேன். அப்படிப் படித்துத்தான் நானும் ஆசிரியரானேன். அதன் பலனை அந்த மலைவளைவில் அறுவடை செய்தேன்.

இப்போது வேண்டுமென்றே ஒரு கெட்ட கம்பியைச் சில தொகுதிகளில் கலந்து வைக்கிறேன். எரியாத குமிழைக் காட்டி, எங்கே குறை என்று கண்டுபிடித்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதச் சொல்கிறேன். முதல் வாரம் முணுமுணுப்பு. பிறகு, தேர்வில் அதிகம் பேசாத சில மாணவர்களே முதலில் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். நம் பள்ளிகளில் பழுது கண்டுபிடிப்பதும் ஒரு பாடமாக வேண்டும், அதற்குப் புள்ளியும் வேண்டும் என்பது என் கருத்து. முடிந்தால் ஒவ்வொரு இடைநிலைப்பள்ளியிலும் ஓடாத பழைய இஞ்சின் ஒன்று திறந்த நிலையில் இருக்கட்டும். அது வரும்வரை ஒரு கெட்ட கம்பி போதும். அதற்குச் செலவும் இல்லை.

இந்த வார இறுதியில் உங்களுக்கும் ஒரு வேலை. வீட்டுக் காரின் பின்பெட்டியை, அல்லது மோட்டார் சைக்கிள் இருக்கையை, அப்பாவையோ அம்மாவையோ கூட வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எடுத்து, "இது எது கெடும்போது உதவும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாத பொருள்களைப் பட்டியலிட்டு, பக்கத்துப் பட்டறையில் விசாரியுங்கள். உபரிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நான் அந்தப் பயணத்திலிருந்து திரும்பிய மறுநாள்தான் பார்த்தேன். எங்கள் சக்கரத்தில் காற்று இல்லை.